வெள்ளிக்கிழமைக்கு வராத பெண்கள்

இந்தச் சேதியை எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் எமிலி மைனி. என் கூடப்பிறந்த அண்ணனுடைய மனைவி. போன வருஷம் குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில் சொன்னாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே, நாளைக்குக் கரண்டு இருக்காதாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஏளா பாக்கியம், நேத்து சாயங்காலம் தபித்தா வீட்டுல முப்பத்தேழு பொம்பளைய. நானும் போயிருந்தேன்."

முப்பத்தேழு. கீரையை ஆய்ந்துகொண்டேதான் இருந்தேன். அப்புறம் பார்த்தால் காம்பையெல்லாம் சட்டியில் போட்டுவிட்டு இலையைக் குப்பையில் தள்ளியிருக்கிறேன்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும் தங்கச்சி? திருநெல்வேலியா? நல்லது. நானும் அங்கேதான். பஸ் மூலைக்கரைப்பட்டி போவதற்கே இன்னும் நேரம் கிடக்கிறது. நீங்கள் எங்கள் ஊர் இல்லை, எங்கள் சபையும் இல்லை. உங்கள் நெற்றியில் பொட்டைப் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன். ஊருக்குள் இதைப் பேச எனக்கு ஆள் கிடையாது.

எங்கள் ஊர்க் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் சங்கத்து உபவாச ஜெபம் உண்டு. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. இருபத்திரண்டு வருஷமாக நான்தான் நடத்துகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனால் ஜெபம் பண்ணுகிற வரத்தை ஆண்டவர் எனக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஊரே சொல்லும். சொன்னது. இப்போது சொல்கிறதா தெரியாது.

பெண்கள் என்னிடம் வருவார்கள். முன்வாசல் வழியாக வந்தால் சங்கத்து விஷயம். பின்வாசல் வழியாக வந்தால் உடம்பு விஷயம். அடுப்படியில் நான் மட்டும் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்து, மணையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மழை வெயில் எல்லாம் பேசிவிட்டு, அப்புறம் முந்தானையைத் திருகிக்கொண்டே சொல்லுவார்கள். தீட்டு மாசத்தில் இருபது நாள் நிற்கவில்லை என்பாள் ஒருத்தி. தும்மினால் சேலை நனைகிறது என்பாள் இன்னொருத்தி. ஒருத்திக்குக் குடம் தூக்கும்போதெல்லாம் கர்ப்பப்பை இறங்கி வெளியே வருகிறது. ஏழு வருஷமாக அதைக் கையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். பேர் சொல்லமாட்டேன், அது தப்பு. தையல்கடை வைத்திருக்கிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஒரே தையல்கடைதான்.

எல்லாவற்றையும் ஜெபக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொள்வேன். வெளியே ஒரு ஆளிடம் சொன்னதில்லை. என் பிள்ளைகள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு ஆளிடம் சொன்னதில்லை. ஆண்டவரிடம் மட்டும்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை முழங்கால் போட்டு, நல்ல சத்தமாக. சத்தமாகச் சொன்னால்தானே கூட இருக்கிறவர்கள் ஆமென் சொல்ல முடியும்? "ஆண்டவரே, எங்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிற சகோதரியின் கர்ப்பப்பையை உம்முடைய கரத்தால் தாங்கும்" என்பேன். பேர் சொல்லமாட்டேன். முப்பது பேரும் ஒரே குரலாய் ஆமென் என்பார்கள். தையல்கடைக்காரி மட்டும் எல்லாரையும்விடக் கீழே குனிந்து, நெற்றி தரையில் முட்டுகிற மாதிரி இருப்பாள். அவ்வளவு பக்தி.

அப்படி இருந்த இடத்தில்தான் தபித்தா வந்தாள்.

தபித்தா எங்கள் கோயில் ஊழியம் பார்க்கிற உபதேசியார் மகள். ஆறு வயசிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் படித்தவள். நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாய் திறக்காது. ஒரு ஜெபம் பண்ணு என்று நிறுத்தினால் உதடு மட்டும் அசையும். சத்தமாச் சொல்லு ஏட்டி, ஆண்டவருக்குக் கேக்கட்டும் என்று நான் எத்தனையோ தரம் அதட்டியிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வருமே தவிர சத்தம் வராது. அந்தப் பிள்ளை காலேஜ் படித்து, தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டு, மாப்பிள்ளை கப்பலுக்குப் போகவும் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தது. வந்த வேகத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டது.

சென்னையில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியாம். பூரணி என்று பேர். ஸ்டார்ட்அப் என்கிறார்கள். போனில் ஒரு ஆப். அதில் மாசாமாசம் தேதியைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். தள்ளிப்போனால் அதுவே கேட்கும். டாக்டரம்மாவிடம் போனிலேயே முகம் பார்த்துப் பேசலாம். ஆப் போடுகிற போன் இல்லாத பெண்களுக்கும், போன் இருந்தும் கூச்சப்படுகிறவர்களுக்கும் ஊருக்கு ஒரு தோழி. எங்கள் ஊருக்குத் தோழி தபித்தா. நீலக் கோட்டு, கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப், அப்புறம் ஒரு பெட்டி.

அந்தப் பெட்டிதான் விசேஷம். மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிறது. யாரும் தொட வேண்டாம், அழுத்த வேண்டாம். ஒரு திரைக்குப் பின்னால் ஃபேனுக்கு அடியில் பத்து நிமிஷம் மேல்துணி இல்லாமல் உட்கார வேண்டும், உடம்புச் சூடு தணிவதற்கு. ஐந்தடி தள்ளி நிற்கிற கேமரா சூட்டைப் படம் பிடிக்கும். கையைத் தூக்கு, திரும்பு என்றெல்லாம் பெட்டியே சொல்லும். தோழி திரைக்கு வெளியேதான் இருப்பாள். படம் சென்னைக்குப் போய், டாக்டரம்மா பார்த்து, நாலாம் நாள் முடிவு அவரவர் போனுக்கு வரும். பேர் கிடையாது, ஒரு நம்பர்தான். அந்த முடிவு தோழிக்கே தெரியாது என்றாள் எமிலி மைனி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரே வந்து துணியை அவிழ்த்து உட்கார்ந்துவிட்டுப் போகும், பக்கத்தில் நிற்கிறவளுக்கு என்ன ஏது என்று தெரியாதாம். யார் நம்புவார்கள்? நான் எமிலி மைனியிடம் அப்படியே கேட்டேன்.

"தெரியாதுளா. அதுக்குத்தான எல்லாரும் போறாவ" என்றாள்.

அது என்ன பதில் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வயசு அறுபத்தொன்று. முப்பது வயசுப் பிள்ளைமேல் பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது? வேதனை, அவ்வளவுதான். முப்பத்தொரு பேர் வந்துகொண்டிருந்த உபவாச ஜெபத்துக்கு இருபது பேர் வந்தார்கள். அப்புறம் பதினாறு. கோயில் அசன விருந்து முடிந்த பிறகு எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அந்தப் பதினொன்றிலும் நாலு பேருக்குக் காது கேட்காது. பின்வாசல் பக்கம் ஒரு காலடிச் சத்தம் கேட்காதா என்று அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். வேலை முடிந்தும் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆடு.

தபித்தா வீட்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கவிட்டிருந்தாள். "இதுவரை பரிசோதனை செய்த பெண்கள்" என்று எழுதி, பக்கத்தில் எண்ணிக்கை. முதலில் 37. அப்புறம் 60. 94. நான் கோயிலுக்குப் போகிற வழி அது. பார்க்கக் கூடாது என்றுதான் போவேன். ஆனால் எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்குமே.

ஒருநாள் உள்ளேயே போய்ப் பார்த்துவிட்டேன். முன் அறையில் எட்டுப் பத்துப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தையல்கடைக்காரியும் இருந்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் தலையை நீட்டினதும் சிரிப்பு நின்றுவிட்டது. ரேடியோவை அணைத்த மாதிரி நின்றது. ஒருத்தி செருப்பைத் தேடினாள். ஒருத்தி, நான் தண்ணி பிடிக்கணும் என்று எழுந்தாள். தபித்தா மட்டும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க பெரியம்மா. ஒங்களுக்கும் ஒரு தடவ பாத்துருவோமா?"

"எனக்கு ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றேன்.

"அவருதான் பெரியம்மா பாக்காரு. நான் தெரயப் புடிச்சுக்கிட்டு நிக்கேன், அவ்வளவுதான்" என்றாள், அதே சின்னக் குரலில்.

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். வீட்டுக்கு வந்து ஒருமணி நேரம் ஜெபம் பண்ணினேன். அவளுக்காகத்தான் பண்ணினேன். அந்தப் பிள்ளைக்குப் பெருமை வந்துவிடக் கூடாதே என்று.

ஐயரிடமும் போய்ச் சொன்னேன். எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயரே, உபவாச ஜெபம் குறைந்துகொண்டே போகிறது, பெண்கள் எல்லாம் மிஷினைத் தேடிப் போகிறார்கள், நீங்கள் பிரசங்கத்தில் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். தன் மனைவி, ஐயரம்மாவும் போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஐயரம்மாவுக்கு என்ன பிரச்சினை என்று மட்டும் கேட்டேன். அவர் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எதிலிருந்து ஆரம்பித்தது என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ஃப்ளோரா மகள் விஷயத்திலிருந்து என்று எமிலி மைனி சொல்கிறாள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. நீங்களே கேளுங்கள். ஃப்ளோரா என் சிநேகிதி. அவள் மகள் ஜெனிஷாவுக்கு நீர்க்கட்டி. மாசக்கணக்கில் தீட்டு வராது. பிள்ளைக்கு உடன்குடிப் பக்கம் ஒரு நல்ல சம்பந்தம் வந்து நிச்சயம்வரைக்கும் வந்துவிட்டது. ஃப்ளோரா பின்வாசலில் வந்து அழுதாள், கல்யாணத்துக்குள் சரியாக வேண்டுமே என்று. நான் அந்த வெள்ளிக்கிழமையே உருக்கமாக ஜெபித்தேன். "புதுவாழ்வுக்குள் போகப்போகிற ஒரு மகள், அவளுடைய கர்ப்பத்தின் கனி, அந்தக் கட்டிகள் கரைய வேண்டும்" என்று. பேர் சொல்லவில்லை. அன்றைக்குக் கடைசி வரிசையில் ஒரு விருந்தாளி அம்மா உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை என்று எனக்கு எப்படித் தெரியும்? சம்பந்தம் நின்றுவிட்டது. நின்றது நல்லதுக்குத்தான். ஒரு வியாதியைக் கேட்டதும் ஓடுகிறவன் எங்கே உருப்படியாக வாழவைப்பான்? ஆண்டவரே தடுத்தார் என்றுதான் நான் ஃப்ளோராவிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஃப்ளோரா என்னிடம் பேசுவதில்லை. எனக்கு ஜெபத்தில் இருக்கிற மதிப்பு அவளுக்கு ஆகவில்லை என்று நினைக்கிறேன். மனுஷர்களுக்குப் பொறாமை எப்படியெல்லாம் வரும் பாருங்கள்.

சரி, ஊரை விடுங்கள். ஊர் போனால் போகட்டும். என் மகள் பிரிசில்லா.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருக்கிறான். மகள் சென்னையில். அவர்கள் அப்பா தவறி நாலு வருஷம் ஆகிறது. போன கிறிஸ்துமஸுக்குப் பிரிசில்லா வந்திருந்தாள். நான் இந்தத் தபித்தா கதையையெல்லாம் அவளிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் சட்டென்று, அந்த ஆப்பை நான் ரெண்டு வருஷமா வச்சிருக்கேம்மா என்றாள். எதுக்கு என்றேன். அப்போதுதான் சொன்னாள். முந்தின வருஷம் அவளுக்கு மூன்று மாசத்தில் ஒரு குழந்தை கலைந்துபோயிருக்கிறது. ஒன்றரை வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது. பெற்றவளுக்கு. அந்த நேரம் முழுவதும் அந்த ஆப்பில் ஒரு டாக்டரம்மா தினமும் அவளிடம் பேசியிருக்கிறாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள். தூக்கம் வருதா என்று கேட்டிருக்கிறாள்.

அவ பேரு என்ன என்று கேட்டேன். சங்கமித்ரா என்றாள். வயசு? முப்பது முப்பத்திரண்டு இருக்கும் என்றாள். பிள்ளை பெத்தவளா? அதெல்லாம் நான் கேட்டதில்லம்மா என்றாள்.

பாருங்கள், பிள்ளை பெற்றவளா இல்லையா என்றுகூடத் தெரியாத ஒருத்தியிடம் அழுதிருக்கிறாள். இங்கே இரண்டு பெற்றவள் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன். எங்கிட்ட ஏன் சொல்லல என்றேன்.

"ஒங்கிட்டச் சொல்லியிருந்தா வெள்ளிக்கெழம பன்னெண்டு மணிக்குள்ள ஊரு பூராத் தெரிஞ்சிருக்கும். எனக்கு இருந்து அழக்கூட நேரம் கெடச்சிருக்காதும்மா."

"நான் ஜெபந்தான பண்ணியிருப்பேன்."

"ஆமா. அதத்தான் சொல்லுதேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். நான் அந்தச் சங்கமித்ராவை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்கக்கூட எனக்கு மானக்கேடாக இருந்தது.

இது இப்படி இருக்க, இந்த வருஷம் பிப்ரவரி மாசம் குளிக்கும்போது எனக்குக் கையில் ஒன்று தட்டுப்பட்டது. இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே. புளியங்கொட்டை அளவு. வலி கிடையாது. அழுத்தினால் நகராமல் நின்றது.

ஆமாம் தங்கச்சி. எனக்குத்தான்.

முதல் வாரம் எண்ணெய் தேய்த்தேன். இரண்டாவது வாரம் தொடாமல் இருந்தேன், தொடாவிட்டால் போய்விடும் என்று. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, ஆண்டவரிடம் வைத்துவிடுவோம், எத்தனை பேருக்காக ஜெபித்திருக்கிறோம், நமக்கென்று ஒரு நாள் கேட்டால் என்ன என்று முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்தச் சபையிலே ஒரு சகோதரி" என்று ஆரம்பித்தேன்.

பதினோரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காது கேட்காத நாலு பேர்கூட. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு வாரமும் நான் "ஒரு சகோதரி" என்றதும் வருகிற அமைதிதான் அது. எனக்கு ரொம்பப் பிடித்த அமைதி. அன்றைக்கு ஏனோ அது வேறு மாதிரி கேட்டது. யாரு, எந்த வீடு, எந்த இடத்துல என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரி. எமிலி மைனி கண்ணை மூடாமல் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"அந்தச் சகோதரியின் மகனுக்கு ஒரு நல்ல வேலையைக் கட்டளையிடும்" என்று முடித்துவிட்டேன்.

ஆமென் என்றார்கள். அவ்வளவுதானா என்கிற மாதிரி ஒரு ஆமென். ஆண்டவரிடம் நான் பொய் சொன்னது அன்றைக்குத்தான்.

தபித்தாவிடம் போகலாமே என்பீர்கள். பலகையில் 212 போட்டிருந்தாள். நான் போனால் 213 என்று எழுதுவாள். எழுதும்போது ஒருவேளை சிரிப்பாள். சிரிக்கமாட்டாள், அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. ஆனால் நான் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த எண்ணுக்குள் நான் உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு முடியாது. அதனால் எமிலி மைனியிடம் ஒரு துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, எங்கள் ஊரிலிருந்து நாலு ஊர் தள்ளி அந்தப் பூரணிக்காரர்கள் நடத்திய முகாமுக்குப் போனேன். அங்கே வேறு ஒரு தோழி. என்னைத் தெரியாது. பேரும் கேட்கவில்லை. போன் நம்பரைக் கொடுத்தேன், ஒரு சீட்டில் எண் எழுதிக் கொடுத்துத் திரைக்குப் பின்னால் அனுப்பினாள்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. சேலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது பெட்டி பேசியது.

"பயப்படாதீங்கம்மா. இங்க யாரும் இல்ல. நீங்க மட்டுந்தான் இருக்கீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தபித்தா.

ஆள் இல்லை. குரல். நம் பக்கத்துப் பெண்களுக்கு நம் பக்கத்துக் குரலாக இருக்கட்டும் என்று கம்பெனிக்காரர்கள் அவளையே பேசவைத்துப் பெட்டியில் பதிந்துவிட்டார்களாம். பிறகு அந்தத் தோழி சொன்னாள். நாலு ஊர் தள்ளி ஓடிவந்தும் அவள்தான் என்னை உட்கார வைத்திருக்கிறாள். ஆறு வயசிலிருந்து நான் சத்தமாப் பேசு சத்தமாப் பேசு என்று அதட்டின அதே குரல். இப்போது திக்கவில்லை, திணறவில்லை. அப்போதும் சின்னக் குரல்தான். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. வலது கைய மெதுவாத் தூக்குங்கம்மா. இப்பம் எடது கை. வலிச்சா விட்ருங்க. அவசரமில்ல.

நான் அழுதேன். பொறாமையில் இல்லை. ஃபேன் காற்று கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் இத்தனை பெண்கள் என் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களே, நீங்க மட்டுந்தான் இருக்கீங்க என்று நான் ஒருத்தியிடம்கூடச் சொன்னதில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த உடனே போய்விட்டது. சரி, அதை விடுங்கள்.

நாலாம் நாள் போனுக்கு முடிவு வந்தது. தமிழில்தான் வந்தது. பயப்பட வேண்டாம், இன்னும் ஒரு பரிசோதனை தேவைப்படுகிறது என்று. அப்புறம் ஒரு டாக்டரம்மா கூப்பிட்டுப் பேசினாள். ஸ்கேன் எடுத்து, ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும், திருநெல்வேலியில் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றாள். உன் பேர் சங்கமித்ராவா என்று கேட்டேன். இல்லம்மா, ஏன் கேக்கறீங்க என்றாள். சும்மா என்றேன். அவளும் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். நான் சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் கேட்டது நன்றாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முழுக்க நான் தபித்தா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கும், அவள் கம்பெனிதானே என்று. ஒரு இரக்கம், ஒரு ஓரப்பார்வை, ஏதாவது வருகிறதா என்று. ஒன்றும் இல்லை. ஆராதனை முடிந்ததும் வந்து, என்ன பெரியம்மா, மெலிஞ்சுட்டீங்க என்றாள். லெந்து நாள் உபவாசம் என்றேன். சரி என்று போய்விட்டாள். அவளுக்குத் தெரியவில்லை தங்கச்சி. நிஜமாகவே தெரியவில்லை. அவள்மேல் எனக்கு அதுவரை இருந்தது ஒன்றுமே இல்லை, அந்த நிமிஷத்தில்தான் வயிறு எரிந்தது. தெரியாமல் இருக்க அவளால் முடிகிறது. என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

இன்றைக்குத்தான் அந்தப் பரிசோதனை. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம் என்றார்கள். கூட ஒரு பெண்ணை அழைத்து வரவும் என்று போனில் போட்டிருக்கிறது. அதைத்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எமிலி மைனியைக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் அண்ணனுக்கும், அண்ணனிடமிருந்து பால் வாங்குகிறவர்களுக்கும் தெரிந்துவிடும். ஃப்ளோரா என் முகத்தைப் பார்க்கமாட்டாள். தையல்கடைக்காரி ஒருவேளை வருவாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியுமா என்று தெரியவில்லை. பிரிசில்லாவிடம் சொன்னால் லீவு போட்டுவிட்டு ஓடி வருவாள். அவள் அந்தச் சமயத்தில் எனக்குச் சொன்னாளா, நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அது தப்புதான். ரிசல்ட்டு வந்ததும் சொல்லிவிடுவேன். தபித்தா, கேட்டால் உடனே வருவாள். ஒரு கேள்வி கேட்காமல் வருவாள். அதுதான் கஷ்டம்.

அதனால் தனியாகவே ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்ததும் நீங்கள் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தீர்கள். அப்போதே மனசுக்குள் ஒன்று தோன்றியது, ஆனால் எடுத்தவுடன் எப்படிக் கேட்பது?

நீங்கள் உள்ளே வர வேண்டாம். ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்குமாம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடுமாம். உங்களுக்கு அவசர வேலை எதுவும் இல்லை என்றால், அந்தப் பெஞ்சில் இந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருப்பீர்களா? கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டால் கையைத் தூக்கினால் போதும்.